அணை நீருக்குள் இரண்டு ஆலயங்கள்

தருமபுரி மாவட்டத்து ஏரியூரிலிருந்து நாகமரைக்கு இறங்கும் சாலை காவிரிக் கரையில் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் பிரயாணம் செய்ய வேண்டியவர்களுக்குப் பரிசலும் படகுமே துணை. எதிர்க்கரையில் தெரிவது சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. மேட்டூர் அணை நிறைந்திருக்கும் மாதங்களில் இரு கரைகளுக்கும் நடுவே நீரைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆனால், மேற்கே மழை பொய்த்து, தஞ்சைத் தரணியின் பாசனத்துக்கெனத் திறந்துவிட்டதால் தேக்கம் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போகும் காலத்தில், நீர்ப்பரப்பின் மீது இரட்டைக் கோபுரங்களின் முனைகள் கறுத்த புள்ளிகளாகத் தலைகாட்டுகின்றன. வேறோரிடத்தில் ஒரு நந்தியின் கொம்பும் நெற்றியும் தெரிகின்றன. சில நாட்களில் கழுத்து, அப்புறம் முதுகு. “நந்தி தெரிஞ்சிருச்சு” என்ற பேச்சு பரிசல் துறையில் புறப்பட்டு டீக்கடை டீக்கடையாக நடக்கத் தொடங்கும். அரசாங்கம் நாள்தோறும் வெளியிடும் நீர்மட்டக் கணக்கைப் பார்க்காதவர்கள்கூட, அணையில் தண்ணீர் ஏறத்தாழ 70 அடிக்கு வந்துவிட்டது என்று அந்த ஒரு பேச்சிலிருந்தே தெரிந்துகொள்வார்கள்.

பிறகு ஜனங்கள் வருகிறார்கள். பரிசலில் ஏறி நந்தியைச் சுற்றி வருகிறார்கள், பூமாலை சாத்துகிறார்கள், கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் ஒரு நாள் செய்தி வெளியிடுகின்றன. மழை பெய்ததும் நீர் ஏறுகிறது, நந்தி மறைகிறது, பேச்சும் அடங்குகிறது. தொண்ணூறு ஆண்டுகளாக இதுவே நடைமுறை. இந்தக் கட்டடங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம். அவற்றைப் பொறுப்போடு அளந்து, வரைபடமாக்கி, தேசத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் வரிசையில் அவற்றுக்கும் ஓரிடம் உண்டா என்று தீர விசாரிக்கும் கடமை மட்டும் இன்னும் நிறைவேறவில்லை. அதை இனியும் ஒத்திப்போட முடியாது என்பதற்குத் தக்க காரணங்கள் இருக்கின்றன.

நீருக்குள் போன ஊர்கள்

மேட்டூர் அணையின் சரித்திரம் பலருக்கும் தெரிந்ததுதான். கர்னல் எல்லிஸ் என்ற பொறியாளர் வகுத்த திட்டம், மைசூர் சமஸ்தானத்தோடு இருந்த வழக்கினால் வெகுகாலம் தடைப்பட்டு, 1924 பிப்ரவரியில் சென்னை ராஜதானிக்கும் மைசூருக்கும் உடன்படிக்கை ஏற்பட்ட பிறகே உயிர் பெற்றது. 1925 ஜூலையில் வேலை தொடங்கிற்று. 1934 ஆகஸ்ட் 21 அன்று அணை திறக்கப்பட்டது. அப்போது கவர்னராக இருந்த ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்குச் சூட்டப்பட்டது. தஞ்சை ஜில்லாவின் வயல்களுக்கு இதனால் விளைந்த நன்மையை எவரும் மறுக்க இயலாது.

ஆயினும், அந்த நன்மைக்கு விலை கொடுத்தவர்கள் காவிரியின் மேல்கரை, கீழ்கரை கிராமத்தார். பழைய சாம்பள்ளி முழுகிற்று. அவ்வூரார் மேட்டுக்கு ஏறிப் புதுச்சாம்பள்ளி என்று குடியமர்ந்தார்கள். பண்ணவாடி, கோட்டையூர், நாகமரைப் பக்கத்து ஆற்றோரப் பூமிகளெல்லாம் தண்ணீருக்குள் போயின. இந்தப் பகுதி அதற்கு முன் சரித்திரத்தின் ஓரத்தில் கிடந்த காடு அன்று. காவேரிபுரம் கணவாய் வழியாகத்தான் கொங்கு நாட்டிலிருந்து மைசூர்ப் பீடபூமிக்கு ஏறிச் செல்வார்கள். மைசூர் யுத்தங்களின் காலத்தில் சேனைகள் அந்த வழியே ஏறியும் இறங்கியும் போயிருக்கின்றன. ஆற்றங்கரையில் சந்தையும் சாகுபடியும் துறையும் இருந்த இடத்தில் சிவாலயமும் மாதா கோயிலும் எழுவது இயல்பே. அந்த நந்தி வீற்றிருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலும் இரட்டைக் கோபுரக் கிறிஸ்தவ ஆலயமும் அப்படி எழுந்தவைதாம். ஜனங்கள் புறப்படுகையில் மூர்த்திகளையும் பாத்திரங்களையும் கையோடு எடுத்துச் செல்லலாம். சுவரை எடுத்துச் செல்ல முடியுமா? அது அங்கேயே நின்றுவிட்டது.

---
கட்டத்துள்: மேட்டூர் நீர்த்தேக்கம்

முழு நீர்மட்டம்: 120 அடி
முழுக் கொள்ளளவு: 93.47 டி.எம்.சி.
நிறைந்திருக்கையில் நீர்ப்பரப்பு: ஏறத்தாழ 59 சதுர மைல்
கட்டிய காலம்: 1925 – 1934
டெல்டா பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் நாள்: ஜூன் 12
நந்தியும் கோபுரங்களும் வெளிப்படும் நிலை: ஏறத்தாழ 70 அடியும் அதற்குக் கீழும்
---

கல், செங்கல், சுண்ணாம்பு

நீருக்குள் தொண்ணூறு ஆண்டு கிடந்த கட்டடம் எப்படி இன்னமும் நிற்கிறது என்று பரிசலில் வருவோர் கேட்பதுண்டு. அதற்கு விடை கட்டுமான முறையிலேயே இருக்கிறது.

நம் பக்கத்துச் சிற்றூர்க் கோயில்களில் அதிட்டானமும் சுவரும் தூணும் கருங்கல்லால் அமையும். அதற்கு மேலே எழும் விமானமும் மதில் மேலிருக்கும் உருவங்களும் பெரும்பாலும் செங்கல்லும் சுதையுமாக இருக்கும். கருங்கல் தண்ணீரை உள்ளே இழுப்பது மிகச் சொற்பம். ஆகவே அது நூற்றாண்டுகள் கழிந்தாலும் பெரிதாகச் சிதைவதில்லை. செங்கல்லின் கதை வேறு. அது நீரைக் குடித்துக் குடித்து ஊறும் இயல்புடையது. ஆனால் அதைப் பிணைத்திருக்கும் சுண்ணாம்புக் காரை இருக்கிறதே, அது விசேஷமானது. நீற்றிய சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவைத்து, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லச் சாறும் விட்டுப் பதப்படுத்திய காரை, கட்டிய பின்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறுகச் சிறுக உட்கொண்டு மறுபடியும் சுண்ணக்கல்லாகவே மாறுகிறது. ஆண்டுகள் ஆக ஆக அதன் உறுதி கூடுமேயன்றிக் குறையாது. நம் கொத்தர்கள் இதை ரசாயனப் பாடமாகப் படித்ததில்லை. கையின் பழக்கத்தில் அறிந்திருந்தார்கள்.

மாதா கோயிலின் இரட்டைக் கோபுரங்கள் வேறொரு மரபைச் சேர்ந்தவை. மேல்நாட்டு ஆலய அமைப்பில், முகப்பின் இரு பக்கமும் கோபுரத்தை எழுப்பி, நடுவே வாயிலும் அதன் பின்னே நீண்ட கூடமும் வைப்பார்கள். கூடத்தின் கூரை மரமும் ஓடுமாக இருப்பது வழக்கம். அது நீரில் முதலில் போய்விடும். கோபுரமோ தன் எடையைத் தானே தாங்க வேண்டியிருப்பதால் சுவர் கனமாகக் கட்டப்படும். ஆகவே கூடம் அழிந்த பின்னும் கோபுரம் நிற்கும். அந்தப் பரதேச அமைப்பை இந்தக் காவிரிக் கரையில் நம் கொத்தர்களே நம் சுண்ணாம்பைக் கொண்டு எழுப்பினார்கள். அணைகட்டிய பின் அவ்விரு மரபும் ஒரே நீருக்குள் ஒரே கதியை அடைந்தன என்பதை நினைக்கையில், இவ்விரு கட்டடங்களையும் பிரித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. பாதுகாப்பு என்று வந்தால் இரண்டுக்கும் சேர்த்தே வர வேண்டும்.

ஆனால், இதுவரை நின்றது என்பதனால் இனியும் நிற்கும் என்று இருந்துவிடலாகாது. எப்போதும் நீருக்கடியில் கிடக்கும் கட்டடத்தை விட, மாறி மாறி நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் கட்டடத்துக்கே ஆபத்து அதிகம். தண்ணீர் செங்கல்லுக்குள் உப்பைக் கரைத்துக்கொண்டு போகிறது. வெயிலில் காய்கையில் அந்த உப்பு மேற்பரப்புக்குச் சற்று உள்ளே படிகமாக உறைகிறது. உறைகிற உப்பு இடம் தேடிப் பருக்கிறது. செங்கல்லின் முகத்தைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடுகிறது. அடுத்த வெள்ளத்தில் அந்தப் பொருக்கு கரைந்து போக, புதிய முகம் வெளிப்பட்டு, மறுபடியும் அதே கிரமம் நடக்கிறது. இதன்மேல், நீர் ஏறும்போதும் இறங்கும்போதும் அலை ஓயாது அறைவது விளிம்பு மட்டத்தில்தான். 120 அடிக்கும் 40 அடிக்கும் நடுவே தேக்கம் ஊசலாடும் மேட்டூரில், இக்கட்டடங்கள் நிற்பது சரியாக அந்த மிகக் கொடிய வரம்புக்குள்தான்.

பட்டியல் என்ற காவல்

ஒரு கட்டடம் பழமையானது என்று எல்லாரும் ஒப்புக்கொள்வதனால் அதற்குக் காவல் கிடைத்துவிடாது. சட்டப்படி ஒரு பட்டியலில் அதன் பெயர் ஏற வேண்டும். ஏறிய பிறகுதான் அதை இடிப்பதும் மாற்றுவதும் குற்றமாகும். கர்ஸன் பிரபு வைஸ்ராயாக இருந்த 1904ஆம் ஆண்டிலேயே புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வந்துவிட்டது. மேட்டூரில் முதல் கல் உடைபடுவதற்கு இருபது ஆண்டு முன்பே அது வந்தும், பண்ணவாடிக்கு அதனால் பலன் கிட்டவில்லை. சுதந்திரத்துக்குப் பின் 1958இல் மத்திய அரசு புதிய சட்டம் செய்தது; நூறு ஆண்டுக்குக் குறையாத பழமை அதற்கு வேண்டும். 2010இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் தடை என்றும், அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டுமென்றும் ஆயிற்று. 1966இல் தமிழ்நாட்டுக்கென்று தனிச் சட்டம் வந்தது. 2012இல் பாரம்பரியச் சின்னங்களுக்கென ஓர் ஆணையம் அமைக்கும் சட்டமும் இயற்றப்பட்டது.

மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் தேசமெங்கும் 3,600க்கு மேற்பட்ட சின்னங்கள் இருக்கின்றன. பண்ணவாடியின் இவ்விரு கட்டடங்களும் அதில் இல்லை.

பட்டியலின் வலிமை என்னவென்பதைச் சென்னை மவுண்ட் ரோட்டில் காணலாம். 1897ஆம் ஆண்டைச் சேர்ந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது, இன்டாக் என்ற பாரம்பரிய அமைப்பு நீதிமன்றம் சென்றது, இடிப்பு நின்றது. நீதியரசர் பத்மநாபன் தலைமையிலான குழு தொகுத்த பட்டியலில், சென்னையில் நானூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் இடம்பெற்றன. 2010இல் உயர்நீதிமன்றம் அந்தக் கட்டடத்தைக் காக்கும்படியே தீர்ப்பளித்தது. ஒரு பட்டியலும் அதைக் கையிலேந்தி வழக்காடுவதற்குச் சிலரும் இருந்தால் போதும், கடப்பாரை கீழே இறங்கிவிடும்.

அப்படிப்பட்ட பட்டியல் தருமபுரிக்கும் சேலத்துக்கும் உண்டா? தலைநகரின் கட்டடங்களுக்குக் கிடைத்த சிரத்தை, ஜில்லாக்களின் எல்லையில் நிற்கும் கட்டடங்களுக்குக் கிடைப்பது அபூர்வம். நாகமரை ஒரு மாவட்டம், பண்ணவாடி மற்றொரு மாவட்டம். தண்ணீர் நீர்வளத் துறையின் வசம். கோயில் என்றால் ஒரு துறை, பழமை என்றால் வேறொரு துறை. இத்தனை கைகளுக்கு நடுவே பொறுப்பு நழுவி விழுவதற்குச் சௌகரியமாக இருக்கிறது.

மற்ற அணைகள் செய்தது

அணைக்கும் ஆலயத்துக்கும் நேர்ந்த இந்த முரண், மேட்டூருக்கு மாத்திரம் உரியதன்று. ஆந்திரத்தில் நாகார்ஜுன சாகருக்கு 1955இல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டியபோது, கீழே முழுகவிருந்த பௌத்த நகரத்தைத் தொல்லியல் துறை ஏற்கெனவே அகழ்ந்துகொண்டிருந்தது. 1954 முதல் 1960 வரை அந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் தோண்டி, முக்கியமான கட்டடங்களை மலையுச்சியிலும் அனுப்பு என்ற கரையோர இடத்திலும் திரும்ப எழுப்பினார்கள். ஸ்ரீசைலம் அணை வந்தபோது கூடலி சங்கமேசுவரர் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து ஆலம்பூருக்குக் கொண்டுபோய்க் கட்டினார்கள். எகிப்தில் அஸ்வான் அணைக்காக அபு சிம்பல் ஆலயத்தை 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து, 65 மீட்டர் உயரத்தில் மறுபடி நிறுத்தியதை உலகமே கண்டது.

நம் காவிரியிலேயே, மைசூர்க் கண்ணம்பாடி அணைக்குள் முழுகிப் போன வேணுகோபாலசுவாமி கோயிலை, பல பத்தாண்டு கழிந்த பின்பு ஒரு தனியார் அறக்கட்டளையின் பொருளுதவியால் பெயர்த்துக் கரையில் அமைத்திருக்கிறார்கள். நேரம் கடந்துவிட்டது என்று கை விரிப்பவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாறாகவும் உதாரணங்கள் உண்டு. பவானிசாகரில் டணாய்க்கன் கோட்டையும் அதனுள்ளிருந்த மாதவப் பெருமாள் கோயிலும் பண்ணவாடியைப் போலவே நீர் வற்றுகையில் எழுந்து நிற்கின்றன. கர்நாடகத்து ஹாஸன் ஜில்லாவில், பிரெஞ்சு மிஷனரிகள் 1860களில் கட்டிய செட்டிஹள்ளி தேவாலயம் ஹேமாவதி நீர்த்தேக்கத்தில் வருஷா வருஷம் முழுகி எழுகிறது. சுற்றுலாப் பயணிகள் திரள்கிறார்கள். படங்கள் உலகமெங்கும் போகின்றன. சுவர்களோ மழைக்கு மழை சரிந்துகொண்டே வருகின்றன. கீர்த்தி ஒரு கட்டடத்தைத் தாங்கி நிறுத்துவதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

---
கட்டத்துள்: 2034

நீருக்கடியில் உள்ள பண்பாட்டுச் செல்வங்களைக் காப்பதற்கென யுனெஸ்கோ 2001இல் ஓர் ஒப்பந்தம் வகுத்தது. ஓரளவோ முழுமையாகவோ, தொடர்ந்தோ அல்லது அவ்வப்போதோ, நூறு ஆண்டுகளாவது நீருக்குள் இருந்த மனித வாழ்வின் சுவடுகள் யாவும் அதன் பாதுகாப்பில் அடங்கும். கிடக்கும் இடத்திலேயே காப்பதுதான் முதல் உபாயம் என்றும் அது சொல்கிறது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. மேட்டூர் அணை திறந்து நூறு ஆண்டு நிறைவது 2034இல்.
---

இனி நேரக்கூடியவை

ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் நடுவே பாலம் வேண்டுமென்பது ஏரியூர்ப் பக்கத்தாரின் நெடுநாளைய கோரிக்கை. அது நியாயமான கோரிக்கை. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பரிசலை நம்பியிருக்கும் ஜனங்கள் எத்தனை காலம் காத்திருப்பார்கள்? ஆனால் பாலம் வந்தால் வாகனங்கள் வரும், வாகனங்களோடு பார்வையாளர்கள் வருவார்கள். இப்போது பரிசலின் அளவே கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடாக இருக்கிறது. நாளை அதுவும் இராது. ஆகவே பாலம் முடியும் முன்பே பாதுகாப்பு ஏற்பாடு முடிந்தாக வேண்டும்.

பக்தியினால் வரும் கேட்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும். உடைந்த மூக்கையும் கொம்பையும் சிமென்ட் கொண்டு ஒட்டுவதும், சுவருக்கு எண்ணெய் வர்ணம் பூசுவதும் நல்லெண்ணத்தால் செய்யப்படுபவை. ஆயினும் சுண்ணாம்புக் கட்டடத்துக்கு அவற்றைப் போல் கேடு வேறில்லை. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமென்ட் விடாது. உள்ளே சிறைப்பட்ட நீரும் உப்பும் சேர்ந்து பழைய செங்கல்லைப் பின்னாலிருந்து அரித்துவிட, ஒரு நாள் சிமென்ட் ஓடு மாத்திரம் கையோடு பெயர்ந்து வரும். சுண்ணாம்பில் கட்டியதற்குச் சுண்ணாம்பாலேயே வைத்தியம் செய்ய வேண்டும். அதையும் அந்த வேலை அறிந்தவரே செய்ய வேண்டும்.

வற்றிய தேக்கத்தில் உழுது சோளமும் எள்ளும் விதைக்கும் குடியானவர்களின் உரிமைக்கும் இந்தப் பாதுகாப்பினால் பங்கம் வரலாகாது. அவர்களில் பலருடைய பாட்டன் பூட்டன் நிலம்தான் அது. தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை நட்டவுடன், தலைமுறை தலைமுறையாக அங்கே மீன் பிடித்தவனும் விதைத்தவனும் அந்நியனாகிவிடுவது நம் தேசத்தில் பல இடங்களில் கண்ட அநீதி. கட்டடத்தைச் சுற்றிச் சிறு எல்லையை மட்டும் வகுத்து, அந்தப் பரிசல்காரர்களையே காவலராகவும் வழிகாட்டிகளாகவும் நியமித்து ஊதியம் கொடுப்பதே பொருத்தமான வழி. நீரின் போக்கையும் கல்லின் இருப்பையும் அவர்களைக் காட்டிலும் நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

செய்ய வேண்டியதில் முதலாவது, செலவு குறைந்ததும்கூட: அளவை எடுப்பது. ட்ரோனும் மின்னணுக் கருவிகளும் இருக்கும் இக்காலத்தில், தேக்கம் தாழ்ந்திருக்கும் சில வாரங்களிலேயே இரண்டு கட்டடங்களையும் செங்கல் செங்கல்லாகப் பதிவுசெய்துவிடலாம். 2023 அக்டோபரில் நீர்மட்டம் 40 அடிக்கும் கீழே போயிற்று. அப்படியொரு சந்தர்ப்பம் மறுபடி எப்போது வாய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சேலம், தருமபுரி ஆட்சியர்கள் இருவரும் மாநிலத் தொல்லியல் துறையும் நீர்வளத் துறையும் கூடி இப்போதே ஒரு திட்டத்தை எழுதிவைத்திருந்தால்தான், அடுத்த முறை நந்தி தெரிந்த மறுநாளே ஆட்கள் களத்தில் இறங்க முடியும். நீர் வற்றிய பின்பு கோப்பைத் திறந்தால், அது கையெழுத்தாகித் திரும்புவதற்குள் காவிரி நிறைந்துவிடும்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். அணை கட்டப்படுவதற்கு முன் பண்ணவாடியிலும் சாம்பள்ளியிலும் வாழ்ந்த குடும்பங்களின் வழிவந்தோர் இன்று ஏரியூர், பென்னாகரம், கொளத்தூர், மேட்டூர் என்று பல ஊர்களில் இருப்பீர்கள். 1934க்கு முற்பட்ட ஒரு புகைப்படமோ, நிலப் பத்திரமோ, திருவிழா நோட்டீஸோ, ஞானஸ்நானப் பதிவின் நகலோ உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், அதைத் தருமபுரியிலுள்ள தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்குக் கொண்டுபோய்ப் பிரதி எடுக்கக் கொடுங்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கோபுரத்தின் மேலே எத்தனை நிலை இருந்தது, மண்டபம் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதை அளவைக்காரர்களுக்குச் சொல்லக்கூடியவை இனி அந்தக் காகிதங்கள் மட்டுமே.